தண்ணீருக்குச் சாட்சி

“அங்கேயே நில்லு. ரப்பர்ப் பால் நாத்தத்தோட உள்ள வராத. தாயி வந்திருக்கா.”

லெட்சுமி கூலி வீட்டு வரிசையான லயத்தில் தங்கள் வாசலை மறித்து நின்றாள். அவள் புருஷன் இருசப்பன் வாளியைக் கீழே வைத்தான். உள்ளே ஏழு வயது மகள் வேலம்மா காய்ச்சலில் முனகுவது கேட்டது. வேப்பிலையை வாசலில் செருகவில்லை. யாராவது பார்த்தால் நோய்க் கொட்டகைக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். பாயைச் சுற்றித்தான் போட்டிருந்தாள்.

எட்டிப் பார்த்தான். துணி விலகியிருந்த இடது கையில் மூன்று கொப்புளங்கள் தெரிந்தன. உற்றுப் பார்ப்பது தப்பென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“முத்து போட ஆரமிச்சிருச்சு. நாளைக்கு மொகத்துக்கு ஏறுவா,” என்றாள் லெட்சுமி. “அவளுக்கு நேந்துவிட்ட சேவல அந்த டிரெஸ்ஸருக்குத் தூக்கிக் குடுத்தியே, அதான்.”

“நீதானடி குடுக்கச் சொன்ன.”

“பொம்பள ஆயிரம் சொல்லுவா. நீ யோசிக்க வேணாம்?”

ஆற்றங்கரைக் கம்பத்தில், அந்த மலாய்க்காரக் கிராமத்தில், அம்மை கண்டதிலிருந்தே தோட்டம் இரண்டுபட்டுக் கிடந்தது. அம்மை குத்திக்கொண்டால் பிழைக்கலாம் என்றார்கள் சிலர். மாட்டுச் சீழை உடம்பில் ஏற்றினால் தாய் சும்மா விடுவாளா என்றார்கள் பலர். கட்டாயப்படுத்திக் குத்தினால், லயத்துப் பின்னால் போய்ச் சாம்பல் போட்டு ரத்தம் வரத் தேய்த்துக் கழுவினார்கள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து போடும் டிரெஸ்ஸர் வைரவநாதன், யாழ்ப்பாணத்துக்காரர், இதற்கொரு வழி வைத்திருந்தார். கொல்லைப்புறமாக ஒரு கோழி போனால் போதும். ஊருக்காகக் கையைக் கீறுவார். மருந்துக்குப் பதில் தண்ணீர் தடவுவார். போன வாரம் வேலம்மாவுக்காக இருசப்பனின் சேவலும் அப்படித்தான் போனது.

இப்போது அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. தாய் வந்தது சேவலுக்காகவா, தண்ணீருக்காகவா? மருந்தே குத்தியிருந்தால் வராமல் இருந்திருப்பாளா, இன்னும் கோபமாக வந்திருப்பாளா? யாரிடம் போய்க் கேட்பது?

அதற்குள் தப்படித்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குக் கூப்பிட்டார்கள். டிரெஸ்ஸர்மேல் யாரோ மொட்டை மனு போட்டிருக்கிறார்களாம். விசாரிக்கக் கோலசிலாங்கூரிலிருந்து துரை வந்திருந்தார்.

பக்கத்தில் நின்ற சோமு முழங்கையால் இடித்தான். “வாயத் தொறந்துடாத மச்சான். இவன் போனா நேர்மையானவன் ஒருத்தன் வருவான். நெசமான மருந்தக் குத்துவான். நமக்குத் திருட்டு டிரெஸ்ஸர்தான் தோது. எங்க மேல் லயத்துக்கு இன்னிக்குக் காலையிலதான் கீறினாரு. அத்தன வீட்டுக் கோழியும் போயிருக்கு.”



தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி விசுவலிங்கம் துரையின் பேச்சைத் தமிழில் சொன்னார். “டிரெஸ்ஸருக்கு ஆராவது ஏதும் குடுத்தனீங்களோ எண்டு துரை கேக்கிறார். பயப்பிடாமல் சொல்லுங்கோ.”

கூட்டம் தரையைப் பார்த்தது. எங்கோ ஒரு கைப்பிள்ளை அழுதது.

“நான் குடுத்தேங்க.” தன் குரல்தானா என்று இருசப்பனுக்கே சந்தேகமாக இருந்தது. “சேவல் குடுத்தேன். மருந்து வேணாம், தண்ணி தடவுங்கன்னேன். இப்ப எம்மவளுக்கு அம்மை போட்டிருச்சுங்க. பச்சப்புள்ளைங்க. எப்படியாச்சும் காப்பாத்திக் குடுங்க.”

கிராணி சொல்லி முடித்ததும் துரையின் முகம் சிவந்தது. டிரெஸ்ஸர் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார்.

வைரவநாதன் மேல் லயத்துக்காரர்கள் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரித் தமிழிலேயே சொன்னார்.

“ஓம். எல்லாருக்கும் தண்ணிதான்.”

மேல் லயத்துக்காரர்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். திருடன் குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஜனங்களுக்கு இவ்வளவு சந்தோஷம் வருமா என்று இருசப்பன் மலைத்துப்போனான்.

நாளைக்குப் பெரிய டாக்டர் வந்து பிள்ளையைப் பார்ப்பார், அதுவரை லயத்தைவிட்டு யாரும் அசையக்கூடாது என்று துரை உத்தரவு போட்டார். டிரெஸ்ஸரை மோட்டார் காரில் ஏற்றச் சொன்னார். சோமு காறித் துப்பினான். யாரைப் பார்த்து என்று இருசப்பன் கேட்கவில்லை.

காருக்குப் போகிற வழியில் வைரவநாதன் அவனருகே நின்றார்.

“முத்து எங்கை போட்டிருக்கு, மோனை? முகத்திலயோ?”

“எடது கையிலங்க. மூணு. மத்த எடத்துல இன்னும் போடலை. நாளைக்கு மொகத்துக்கு ஏறும்னு எம்பொஞ்சாதி சொன்னா.”

“நான் கீறின இடத்திலதானே மூண்டும்?”

இருசப்பன் யோசித்தான். “ஆமாங்க.”

“பிறகென்ன, மருந்து பிடிச்சிட்டுது. காய்ச்சல் ரெண்டு நாளில விட்டுடும். உன்ரை பிள்ளைக்கு இனி அம்மை வராது.”

“அப்ப, தண்ணி...?”

“மெல்லக் கதை. கோழி வாங்காமல் தண்ணியெண்டு சொன்னால் ஆர் நம்பியிருப்பியள்? வாங்கித் திண்டது என்ரை குற்றம்தான், அதுக்குப் போறன். ஆனால் மேல் லயத்துச் சனத்துக்குக் காலமைதான் குத்தினனான். தெரிஞ்சால் இப்பவே சாம்பல் போட்டுத் தேய்ச்சுப்போடுவினம். நாளைக்கு விடிஞ்சால் மருந்து ஊறியிருக்கும், பிறகு நானே துரையிட்டைச் சொல்லுறன்.”

கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. சோமு காலையில் கீறிய கையைத் தடவியபடி பக்கத்தில் வந்தான்.

“என்னடா குசுகுசுன்னான்? மெய்யாவே தண்ணிதானாமா?”

இருசப்பன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“தாயி மேல சத்தியமா தண்ணிதான்,” என்றான்.