முப்பத்தொன்பதாம் வருஷத்து ரூபாய்

அந்த உறை காலியாக இருந்தது.

காசு வியாபாரி ஆல்பத்தின் பக்கத்தைத் திருப்பவில்லை. கண்ணிலிருந்து லென்ஸை எடுத்தார்.

அந்த வீட்டுத் தாய் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். முந்தானை நுனியை விரலில் இறுகச் சுற்றிக்கொண்டாள்.

“முப்பத்தொன்பது எங்க?”

வியாபாரி காலி உறையை விரலால் தட்டிக் காட்டினார்.

“முப்பத்தொன்பதாம் வருசத்து வெள்ளி ரூபா. ஐயா என்கிட்ட காட்டியிருக்காரு. வெல கேட்டேன். டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாரு. அது ஒண்ணுக்காகத்தான் மதுரையிலருந்து வந்தேன். மத்ததெல்லாம் வண்டிச் செலவுக்குத்தான் ஆகும்.”

கூடத்துத் தரையில், செத்துப்போன அவள் கணவர் சேர்த்தவை பரந்து கிடந்தன. ஓட்டைக் காலணாக்கள். விளிம்பு நெளிந்த பத்துப் பைசாக்கள். புலி படம் போட்ட இரண்டு ரூபாய்த் தாள்கள். ஓரத்தில் ஒரு கட்டு ஐநூறு ரூபாய் நோட்டுகள்.

“இது பழசு இல்லம்மா, செல்லாதது,” என்று அந்தக் கட்டை வியாபாரி முதலிலேயே தள்ளி வைத்திருந்தார். அப்போது எல்லோரும் சிரித்தார்கள்.

இப்போது மூத்தவன் தவமணி மலர்க்கொடியைப் பார்த்தான். தம்பி பெண்டாட்டி. படுக்கையில் கிடந்த மாமனாருக்குக் கடைசிவரை பீ மூத்திரம் அள்ளிப் போட்டவள்.

“அப்பா ரூம்ல பொழங்குனது யாரு?”

தம்பி கனகு தரையில் கிடந்த காசுகளையே பார்த்தான்.

வாசலில் நின்ற தாய்க்குத் தெரியும்.

அடக்கத்தன்று காலை. பாடை கட்டியாகிவிட்டது. நெற்றியில் ஒட்ட ஒரு ரூபாய்க் காசு கேட்டார்கள். யாரிடமும் இல்லை. எல்லோரும் போனில் பணம் கொடுப்பவர்கள். அலமாரி நிறையக் காசு வைத்திருந்த மனிதரைச் சுற்றி நின்று, சட்டைப்பைகளைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

அவள்தான் உள்ளே போனாள். ஆல்பத்தைத் திறந்தாள். கை வேறெந்த உறைக்கும் போகவில்லை.

அவளுடைய வளையல்கள் அடகில் மூழ்கிப் போனபோதும் அவர் விற்காத காசு.

நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மனசுக்குள் சொன்னாள்.

நெற்றியில் வைத்து அழுத்தினாள். கண்ணீர் மறைத்தது. பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு, காசின் மேல் சந்தனத்தை அப்பியது. யார் கை என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. காசு துளியும் வெளியே தெரியவில்லை.

ஒரு ரூபாய்தானே என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஒரு ரூபாய்தான்.

நெற்றிக்காசை எடுக்க வேண்டாம், அவரோடு போகட்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

எரிக்கவில்லை. புதைத்தார்கள்.

மண் இன்னும் இறுகவில்லை.

சொல்லிவிடலாம். சொன்னால் தவமணி மண்வெட்டியைத் தேடுவான். தகப்பனின் வீங்கிய விரலிலிருந்து மோதிரம் கழலாதபோது, சோப்பு கொண்டுவரச் சொன்னவன் அவன்.

சாமி படத்துக்கு முன்னால் தட்டு வந்துவிட்டது. தவமணியே சூடத்தை ஏற்றினான்.

“நான் எடுக்கல. எங்க இருக்குன்னும் எனக்குத் தெரியாது. ரெண்டையும் சொல்லிட்டு அடிச்சுச் சத்தியம் பண்ணு.”

மலர்க்கொடி அழவில்லை. தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தட்டருகே போனாள்.

“நான் எடுக்கல.”

இரண்டாவதைச் சொல்ல வாய் வரவில்லை. தூக்கிய கை அந்தரத்தில் நின்றது.

“பாத்தியாடா கனகு, ஒம் பொண்டாட்டி கையை? அப்பிடியே நிக்குது பாரு.”

கனகு அப்போதும் நிமிரவில்லை.

தாய் வாசலைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்தாள். மருமகளின் கையைப் பிடித்து இறக்கினாள்.

“நான்தான் எடுத்தேன். அம்மன் கோயில் உண்டியல்ல போட்டேன்.”

“உண்டியல்லயா? எதுக்கும்மா?”

“உங்கப்பா எந்திரிச்சு உக்காரணும்னு.”

உண்டியலில் விழுந்ததை யாரும் திரும்பக் கேட்க முடியாது. தவமணிக்கும் அது தெரியும். ஆனாலும் தட்டை எடுத்து அவள் முன்னால் நீட்டினான்.

பெற்றவளிடம்.

“சத்தியமா?”

எரியும் சூடத்தின் முன் அவள் பொய் சொன்னதில்லை.

உள்ளங்கையை ஓங்கி அடித்தாள். சுடர் அணைந்தது. கையை உடனே எடுக்கவில்லை.

“சத்தியமா.”

வியாபாரி லென்ஸைத் துணியில் சுற்றினார். யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்தார்.

“நீங்க சொல்ற வெலைக்காச்சும் மத்ததை எடுத்துக்கங்கண்ணே,” என்று தவமணி அவர் பின்னாலேயே தெருவரை போனான். வாரிய காசுகளோடு ஆல்பம் அவன் கக்கத்தில் இருந்தது. செல்லாத நோட்டுக் கட்டு மட்டும் தரையில் கிடந்தது.

அவள் அடுப்படியில் உட்கார்ந்தாள். உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது.

மலர்க்கொடி கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தாள். மாமியாரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சிவந்த இடத்தைச் சுற்றி வட்டமாகப் பூசினாள். ஓரத்திலிருந்து உள்ளே. துளியும் தெரியாமல்.

அந்த விரல்களை மாமியார் இப்போதுதான் பார்த்தாள்.

“காஞ்சாலும் உதிராது அத்தே,” என்றாள் மலர்க்கொடி. “அன்னிக்கு மாதிரியே கெட்டியாத்தான் அப்பியிருக்கேன்.”