கடைசி வண்டி

"மறுபடியும் நின்னுட்டான்டா!"

கண்ணாடியில் பார்த்த பல் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தார். பின்னால் எலக்ட்ரீஷியனின் மோட்டார் சைக்கிள் ஓரங்கட்டி நின்றிருந்தது.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மூன்று பேர். மலையுச்சிக் கணவாயை மோட்டார் சைக்கிளில் கடக்க வேண்டும் என்பது அந்த பெஞ்சிலேயே போட்ட திட்டம். கல்யாணம், குழந்தை, வேலை என்று தள்ளித் தள்ளிப் போய், தலை நரைத்த பிறகுதான் கிளம்ப முடிந்தது.

டாக்டர் முன்னால், தையல்காரர் நடுவில், எலக்ட்ரீஷியன் கடைசி. கடைசி வண்டி நின்றால் எல்லா வண்டியும் நிற்க வேண்டும் என்பது அவர்கள் போட்டுக்கொண்ட சட்டம். "என்னோடது பழைய வண்டி, நான் பின்னாடியே வரேன்" என்று அந்த இடத்தை அடம்பிடித்து வாங்கிக்கொண்டவர் எலக்ட்ரீஷியன்தான்.

"காலையில செயின். அப்புறம் கிளட்ச் ஒயர். இப்போ என்னடா?"

"ஸ்பார்க் ப்ளக்ல அழுக்கு மச்சான்." எலக்ட்ரீஷியன் முதுகைக் காட்டிக் குந்தியபடி எதையோ துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மேகம் இறங்கினா உச்சியில கேட்டைச் சாத்திடுவோம்னு அடிவாரத்துல படிச்சுப் படிச்சு சொன்னாங்கல்ல? பனிக்காலம் தொடங்கியாச்சு, சாத்திட்டா அடுத்த வருஷம்தான். அதுக்குள்ள நம்மள்ல யார் இருக்கோமோ, யார் இல்லையோ!"

"ஆயிடும்டா, ஆயிடும்."

"ஊர்ல இருக்கிற வயரையெல்லாம் சரி பண்றே, சொந்த வண்டியைப் பார்த்துக்கத் துப்பில்லை. இவனைப் பாரு. போன வருஷம் கால் முறிஞ்சு தகடு வெச்சவன். ஒரு தடவை, ஒரே தடவை நில்லுன்னு சொன்னானா?"

தையல்காரர் பெருமையாகச் சிரித்துக்கொண்டார். கிளம்பும்போதே அவர் கறாராகச் சொல்லிவிட்டார்: "என் காலைச் சாக்கு வெச்சு எவனாவது வண்டியை நிறுத்தினீங்க, அங்கேயிருந்தே பஸ் ஏறிடுவேன்." இப்போது பாறையில் காலை நீட்டி உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

இன்னும் நாலு வார்த்தை திட்டலாம் என்று வாயெடுத்த டாக்டர் தற்செயலாகத் திரும்பினார்.

பனிமூட்டம் விலகியிருந்தது. எதிர்மலையிலிருந்து ஓர் அருவி விழுந்துகொண்டிருந்தது. எவ்வளவு தூரம் என்றால், சத்தமே இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. கீழே, கிணறு போன்ற ஆழத்தில், பச்சை நிறத்தில் ஓர் ஏரி. அதன் மேல் பறந்த பறவைகளின் முதுகு தெரிந்தது. பறவையை மேலிருந்து பார்ப்பது டாக்டருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஊரார் வாயைத் திறக்க வைக்கிறவர், தன் வாயை மூட மறந்து நின்றார்.

"நிக்காம போயிருந்தா இதைப் பார்த்திருப்பியா?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"பேச்சை மாத்தாதே. சாவியைக் கொடு. உன் ஓட்டை வண்டியை நான் ஓட்டறேன். நீ என் வண்டியில முன்னாடி போ. எப்படி நிக்குதுன்னு பார்த்துடறேன்!"

எலக்ட்ரீஷியன் முகம் ஒரு கணம் மாறியது. "வேண்டாம்டா, உனக்கு அது சரிப்படாது."

"கொடுடா!"

சாவி கை மாறியது.

டாக்டர் கடைசியில் கிளம்பினார். இதோ இருமும், அதோ மூச்சுத் திணறும் என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினார். வண்டி வழுக்கிக்கொண்டு ஏறியது. கிளட்ச் வெண்ணெய். செயினில் ஒரு முனகல்கூட இல்லை. அவருடைய புது வண்டியே இவ்வளவு சுகமாக மலை ஏறியதில்லை.

இதுக்கா காலையிலேர்ந்து மூணு தடவை நிறுத்தினான்?

அப்போதுதான் முன்னால் போன தையல்காரரைப் பார்த்தார்.

கொண்டை ஊசி வளைவு. இடது காலால் கியரை மாற்றிய தையல்காரரின் உடம்பு ஒரு பக்கமாக ஒடிந்தது. வளைவு முடிந்ததும் அந்தக் கால் மிதியிலிருந்து நழுவித் தொங்கியது. அவர் ஒரு கையால் முழங்காலைத் தூக்கி, காலை மறுபடி மிதியில் வைத்தார். தொடையில் ஓங்கி ஒரு குத்துவிட்டார். அடுத்த வளைவு. மறுபடியும் அதே கதை.

முன்னால் போகிறவனுக்கு இது எதுவும் தெரியாது. கடைசியில் வருகிறவனுக்குத்தான் தெரியும்.

டாக்டர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். செயின், கிளட்ச் ஒயர், ப்ளக். ஒவ்வொரு தடவையும் தையல்காரர் காலை நீட்டிப் பாறையில் உட்கார்ந்ததும், ஒவ்வொரு தடவையும் தான் கத்தியதும், அதையெல்லாம் எலக்ட்ரீஷியன் முதுகில் வாங்கிக்கொண்டு துடைத்ததும் வரிசையாக வந்து நின்றன. இப்படியும் ஒருத்தன் இருப்பானா? இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் தெரியாமல் போயிற்றே!

மேலே உச்சி தெரிந்தது. வானத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளைவெளேரென்று பனிச்சுவர், அதன் நடுவே கணவாய், திறந்திருக்கும் கேட். இன்னும் சில வளைவுகள்தான். இந்தப் பக்கம் மேகம் இறங்க ஆரம்பித்திருந்தது.

டாக்டர் அதை ஆசைதீர ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். ஹாரனை விடாமல் அழுத்தினார்.

முன்னால் போன இருவரும் நின்றார்கள். எலக்ட்ரீஷியன் இறங்கி வந்தார். டாக்டர் முகத்தைப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து ப்ளக்கைக் கழற்றி, துணியில் வைத்து நீட்டினார். அது கடையில் வாங்கிய அன்று போல மின்னியது.

"கேட்டைச் சாத்திடுவாங்களேடா!" என்று கத்தினார் தையல்காரர், பாறையில் காலை நீட்டிக்கொண்டே.

டாக்டர் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, அந்தப் பளபளக்கும் ப்ளக்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

"சாத்தினா சாத்தட்டும்டா. இதுல அழுக்கு ரொம்ப ஜாஸ்தி. நேரம் ஆகும்."