கோடு மாறிய பூங்கொத்து

"பூங்கொத்து வந்துச்சு. 'தப்பு என்மேலதான், கோபப்படாதே'ன்னு அட்டையில எழுதி, கீழ உன் பேரு! இவ்வளவு சீக்கிரம் நீ இறங்கி வருவேன்னு நினைக்கவே இல்ல" என்று போனில் சிரித்தான் கணவன்.

"நானா? காலையில சண்டையை ஆரம்பிச்சது நீங்க. நான் எதுக்குப் பூ அனுப்பணும்?"

இன்னும் பலமாகச் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குள் அவள் வேலை பார்க்கும் மென்பொருள் அலுவலகத்தின் மேனேஜர் ஓடி வந்தார். "பூக்கடையோட ஆர்டரையும் டெலிவரியையும் சேர்க்கக் காலையில நீ போட்டுக் கொடுத்த இணைப்புல என்னம்மா பண்ணின? ஆர்டர் கொடுத்தவங்களுக்கே பூ போய் நிக்குதாம்!"

திரையில் இடப்பக்கம் ஆர்டரின் கட்டங்கள், வலப்பக்கம் டெலிவரியின் கட்டங்கள். இதிலிருந்து அதற்குக் கோடு இழுத்துவிட்டால், இங்கே இருக்கும் பெயர் தானாக அங்கே போய்விடும்; வேலை முடிந்தது. சண்டை போட்ட சூட்டில், 'அனுப்புபவர்' கோட்டைப் 'பெறுபவர்' கட்டத்திலும், 'பெறுபவர்' கோட்டை 'அனுப்புபவர்' கட்டத்திலும் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தாள்.

நாக்கைக் கடித்துக்கொண்டு கோடுகளை மாற்றிப் போட்டவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. கணவனை அழைத்தாள்.

"ஏங்க, அந்தப் பூ..."

"உனக்கு நான் அனுப்பினதுதான். சாயங்காலம் கொண்டு வரேன். அட்டையை மட்டும் கேக்காதே, தர மாட்டேன். அடுத்த சண்டைக்கு வேணும்!"