தொண்ணூறு டிகிரி

"ஞாயித்துக்கிழமை ஒரு நாள் வண்டி வேணும் மாமா. லோடு ஏத்தி மேட்டு ரோட்டுல…"

"ஐயோ, அது முடியாதே மாப்ளே," என்று பாதியிலேயே வெட்டினார் வண்டிக்காரர்.

மச்சினன் அவருடைய பிக்கப் வண்டியின் பக்கத்தில் நின்றிருந்தான். அப்போதுதான் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வந்திருந்தார். டீசல் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முன் கண்ணாடியில் 'விற்பனைக்கு' அட்டை ஆறு மாதமாக வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தது. இதுவரை ஈ காக்கை கூட எட்டிப் பார்க்கவில்லை. வண்டி விற்றால்தான் முன்னறையில் இரண்டு தையல் மெஷின் வாங்கிப் போட முடியும் என்று அவர் மனைவி நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் இவனுக்கு இரவல் கொடுப்பதா? போன தடவை கட்டில் ஏற்ற வேண்டும் என்று வாங்கிப் போனவன், கதவில் ஒரு நீளக் கீறலோடும் காலி டாங்கோடும் கொண்டுவந்து விட்டான். அந்தக் கீறலுக்குப் பெயின்ட் அடித்தது அவர்தான்.

"வண்டி நல்லாத்தானே ஓடுது மாமா?"

"ஓடுது. உள்ளே எட்டிப் பாரு. ஆட்டோமேட்டிக் கியர் இது. அந்த முள்ளு கியர் ஆயில் சூட்டைக் காட்டும். எவ்வளவு இருக்கு?"

"தொண்ணூறு."

"காலி வண்டிக்கே தொண்ணூறு. லோடு ஏத்தி மேடு ஏறினா கியர்பாக்ஸ் உருகி ரோட்டுல ஓடிடும்," என்று வாய் கூசாமல் சொன்னார் வண்டிக்காரர்.

சற்று முன் மெக்கானிக் சொன்னது வேறு. "எண்பதுல இருந்து தொண்ணூத்தஞ்சு வரைக்கும் நார்மல் சார். லோடோட மேடு ஏறினா நூறைத் தாண்டும், இறங்கினா தானா குறையும். நூத்தி இருபது வந்தாத்தான் ஓரங்கட்டணும். சும்மா முள்ளையே பாத்து உங்க பிபியை ஏத்திக்காதீங்க."

மச்சினன் லேசில் விடுகிறவனாகத் தெரியவில்லை. குனிந்து டயர் பள்ளத்தில் விரல் விட்டுப் பார்த்தான். ஓடிய கிலோமீட்டரைப் போனில் படம் எடுத்தான்.

"ஆயில் எப்ப மாத்தினீங்க மாமா? பில் எல்லாம் வச்சிருக்கீங்களா?"

இரவல் கேட்க வந்தவனுக்கு எத்தனை குறுக்குக் கேள்வி என்று வண்டிக்காரருக்கு எரிச்சல்தான் வந்தது.

முன்னறையை அளந்துகொண்டிருந்த மனைவி, அளவு நாடாவோடு வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, நிஜமாவா? தொண்ணூறு அவ்வளவு ஆபத்தா?"

அவளும் மெக்கானிக் கடையில் கூடவேதான் நின்றிருந்தாள். வண்டிக்காரர் மச்சினனுக்குத் தெரியாமல் கண்ணைக் காட்டினார். தம்பி முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"ஆமாண்டா தம்பி. மெக்கானிக்கே பயந்துட்டார்," என்றாள் நாடாவைப் பார்த்தபடி. பொய் சொன்னது அவளுக்கு உறுத்தத்தான் செய்தது.

மச்சினன் போனை எடுத்து நாலு வரி தட்டினான். பிறகு பைக்கில் ஏறி உட்கார்ந்தான்.

"இந்தக் காலத்துல யார் மாமா இவ்வளவு வெளிப்படையா சொல்வாங்க? சரி, வேற வண்டி பாத்துக்கறேன்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன நிம்மதி வண்டிக்காரருக்கு. "வீடு மாத்தறதுக்கெல்லாம் வாடகை வண்டிதான் மாப்ளே சரி," என்றார் பெரிய மனசோடு.

"யாரு வீடு மாத்தறா? எங்க குடோன் முதலாளிக்கு இதே மாதிரி வண்டி ஒண்ணு வேணுமாம். ஞாயித்துக்கிழமை லோடோட மேட்டுல ஓட்டிப் பாத்துட்டு, திங்கட்கிழமையே நீங்க சொல்ற விலைக்கு எடுத்துக்கறேன்னார். அதைச் சொல்லத்தான் வந்தேன், நீங்க பேச விட்டாத்தானே? கியர்பாக்ஸ் சரியில்ல, வேண்டாம்னு இப்பத்தான் அவருக்கு மெசேஜ் போட்டேன்."

வண்டிக்காரர் பாய்ந்து பைக்கின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளே, தொண்ணூறுங்கறது நார்மல்தான்டா. சத்தியமா. வேணும்னா உங்க அக்காவையே கேளு."

"அக்காவைத்தான் முன்னாடியே கேட்டுட்டேனே மாமா," என்று சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டினான் மச்சினன்.