அந்தப் பக்கத்து வெளிச்சம்

"வெளிச்சம்னா வெளிச்சம், அப்படி ஒரு வெளிச்சம் மேடம். ஆனா கண்ணு கூசல. வலி துளிகூட இல்ல. யாரோ தோள்ல கை போட்டுக் கூட்டிட்டுப் போற மாதிரி இருந்துச்சு. தனியா இருக்கோம்கிற நினைப்பே வரல."

லிஃப்ட் மெக்கானிக் சொல்லிக்கொண்டே போனார். எதிரே உட்கார்ந்திருந்த மனோதத்துவப் பேராசிரியைக்கு முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

இதயம் நின்றுபோய், மறுபடி பிழைத்து வந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேட்டி எடுப்பவர் அவர். உடம்பு அடங்கிய அந்தச் சில நிமிடங்களில் 'நான்' என்கிற உணர்வு என்ன ஆகிறது? அதுதான் ஆராய்ச்சி. இந்த மெக்கானிக், வேலை செய்யும்போது மின்சாரம் தாக்கி, ஆள் அவ்வளவுதான் என்று எல்லோரும் கைவிட்ட பிறகு கண் விழித்தவர்.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே ஒரு பேட்டியை எடுத்து வைத்திருந்தார் பேராசிரியை. அதன்பிறகு வெளிநாட்டில் வரிசையாகச் சொற்பொழிவுகள். ஊர் திரும்பிய கையோடு இன்று இரண்டாவது பேட்டி.

"அங்க யாரையாவது பார்த்தீங்களா?"

"பார்த்தேன் மேடம். சின்னப் புள்ளைங்க. ஓடிப் பிடிச்சு விளையாடிட்டு இருந்தாங்க. ஒருத்தன் முகத்துலகூட பயம் இல்ல, அழுகை இல்ல. சிரிப்பும் கும்மாளமுமா இருந்தாங்க."

ஓரத்தில் ரெக்கார்டரோடு உட்கார்ந்திருந்த உதவியாளர் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

பேராசிரியையின் பொறுமை போய்விட்டது.

"ரெக்கார்டரை நிறுத்தும்மா. நீ வெளியே போய் டைப்பிங் வேலையைப் பாரு. மலை மாதிரி தேங்கிக் கிடக்கு. நான் ஊர்ல இல்லன்னா போதும், லீவா போட்டுத் தள்ளிடறது!"

"சரிங்க மேடம்."

அவள் போய்க் கதவு சாத்தப்பட்டதும், பேராசிரியை தன் போனை எடுத்து மேசைமேல் வைத்தார். பொத்தானை அழுத்தினார். மெக்கானிக்கின் குரல்தான். கொஞ்சம் தளர்ந்த குரல்.

"ஒண்ணுமே இல்ல மேடம். இருட்டுன்னுகூட சொல்ல முடியாது. இருட்டைப் பார்க்கறதுக்கும் ஒரு ஆள் வேணுமில்ல? சுவிட்சை அணைச்ச மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான்."

பேராசிரியை போனை நிறுத்தினார். "இது யார் பேசினது?"

"நான்தான்."

"அப்ப இன்னிக்குச் சொன்னது?"

"பொய்."

பேராசிரியைக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதை அளப்பவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். மாட்டிக்கொண்டால் மழுப்புவார்கள், கோபப்படுவார்கள். இப்படித் தயங்காமல் ஒப்புக்கொண்ட ஆளை இன்றுதான் பார்க்கிறார்.

"எதுக்கு இந்த வேலை? டிவியில முகம் காட்டணுமா? இல்ல, சாமியாராகி நாலு பேரைக் கடைத்தேத்தப் போறீங்களா?"

"ஐயோ மேடம், நான் ஏத்தி இறக்கற லிஃப்ட்டே எனக்குப் போதும். ஜனங்களை வேற எங்க மேல ஏத்தறது?"

பேராசிரியை சிரிக்கவில்லை.

"இது விளையாட்டு இல்ல. ஒரு மனுஷனோட மனசுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தான் என் வாழ்நாளையே குடுத்திருக்கேன். நீங்க வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போவீங்க, நான் அதைக் கட்டிக்கிட்டு அழணுமா?"

மெக்கானிக் கைகளைக் கோத்துக்கொண்டார்.

"தப்புதான் மேடம். இன்னிக்குப் பேசினதை அழிச்சிடுங்க. ஆஸ்பத்திரியில சொன்னதுதான் நிஜம். என்னைப் பொய்யன்னு வேணாலும் எழுதிக்குங்க, எனக்கு வருத்தமில்ல. ஆனா ஒரே ஒரு உதவி. அந்தப் பழைய பேச்சை நீங்களே டைப் அடிச்சுக்குங்க. வெளியே இருக்கற அந்தப் பொண்ணு கையில மட்டும் குடுத்துடாதீங்க."

"ஏன்? அவ வேலையே அதுதானே?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடி வராந்தாவுல உட்கார்ந்திருந்தேன். அந்தப் பொண்ணு தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. குடுத்துட்டுப் போகாம அப்படியே நின்னுச்சு. 'அண்ணே, உயிர் போற நேரத்துல ரொம்ப வலிக்குமா? பயமா இருக்குமா? கூட்டிட்டுப் போக யாராவது வருவாங்களா?'ன்னு கேட்டுச்சு. ஏம்மா இதையெல்லாம் கேட்கறேன்னேன். சொல்லுச்சு. சொல்லி முடிக்கவும் நீங்க வந்து உள்ள கூப்பிடவும் சரியா இருந்துச்சு. அதுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் மேடம் உங்ககிட்ட சொன்னேன்."

பேராசிரியைக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"பேட்டிக்கு வந்தவங்ககிட்ட அவ எப்படிக் கேள்வி கேட்கலாம்? முதல்ல அவளுக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம்?"

மெக்கானிக் திகைத்துப்போனார். சாத்தியிருந்த கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்ன மேடம் இப்படிக் கேட்கறீங்க? அந்தப் பொண்ணோட ஒத்தைப் புள்ளை, நீச்சல் குளத்துல மூழ்கிப் போய்ச் சேர்ந்துட்டானே... இத்தனை வருஷமா உங்ககூடத்தானே வேலை பார்க்குது, உங்களுக்குத் தெரியாதா?"