கெஞ்சியது யார்?

வெள்ளையம்மா வீரமுத்து வீட்டிலிருந்து வெளியே வந்ததை மூன்று பேர் பார்த்துவிட்டார்கள். மூவரும் நேராக அவள் புருஷன் அய்யாவுவிடம் ஓடிவந்தார்கள்.

"உங்களுக்காக நாங்க உயிரைக் கொடுக்கப் போறோம். உங்க வீட்டுக்காரி கோயில்காரன் வீட்டுல காப்பி குடிக்குது. நல்லா இருக்குண்ணே உங்க சீர்திருத்தம்!"



நாளை சாயங்காலம் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தீமிதி. அதே நேரம், கோயில் வாசலிலேயே, தீமிதியை எதிர்த்துச் சீர்திருத்தச் சங்கக் கூட்டம் என்று அறிவித்தவன் சங்கத் தலைவன் அய்யாவுதான். கூட்டம் போட்டால் கால் ஒடியும் என்று பதிலுக்கு அறிவித்தவன் கோயில் தலைவன் வீரமுத்து.

பால்மரம் சீவ நீள வெட்டுக்கத்தியான பாராங் தேவையில்லை. ஆனால் பொழுது சாய்ந்ததிலிருந்து லயத்து வீட்டு வரிசையின் இரண்டு பக்கமும் பாராங் தீட்டும் சத்தம்.

ரப்பர் விலை விழுந்துகிடந்த வருஷம். ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றத் தோட்டத்துத் துரை சாக்குத் தேடிக்கொண்டிருந்தார். கைகலப்பு என்றால் இரண்டு கட்சியும் நாகப்பட்டினத்தில் போய் இறங்க வேண்டியதுதான். இறங்க எத்தனை பேர் மிஞ்சுவார்களோ!

கூட்டத்தைக் கைவிட்டால் தேவலை என்றிருந்தது அய்யாவுக்கு. வெளியே சொல்ல முடியுமா? தலைவன் ஆயிற்றே.

வெள்ளையம்மா உள்ளே வந்தாள்.

"எங்கடி போன?"

"வீரமுத்து அண்ணன் கூப்பிட்டு விட்டாரு."

"எதுக்காம்?"

"ஆளுங்களை அடக்க முடியலையாம். 'அய்யாவு கூட்டத்தைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் மாத்திக்கட்டும். கூட்டம் முடியிற வரைக்கும் மேளத்துல கை படாம நான் பாத்துக்கறேன். என்னைக் காப்பாத்தச் சொல்லும்மா'ன்னு கும்பிட்டாரு."

"வீரமுத்துவா? கும்பிட்டானா?"

"அழாத குறைங்க."

அய்யாவு எழுந்து வாசல் பக்கம் வந்தான். வாசலில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னான்:

"கெஞ்சிட்டான்டா! போனாப் போகுது, விட்டுக் கொடுப்போம்."

விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு எல்லாரும் வரிசையில் நின்றார்கள். பெரட்டில் நாலு பேர் முன்னால் ஒத்துக்கொண்ட பேச்சைப் பிறகு மாற்றுவதில்லை என்பது தோட்டத்து வழக்கம். ஆள் கணக்கெடுக்கும் கிராணி இன்னும் வரவில்லை.

அய்யாவு மீசையைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தான். அதற்குள் வீரமுத்து முந்திக்கொண்டான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. அய்யாவு கூட்டத்தைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் வெச்சிக்கிறான். அது முடியிற வரைக்கும் நாம மேளத்தைத் தொடறதில்ல. பாவம், பெண்டாட்டியை அனுப்பி என் கால்ல விழ வெச்சுட்டான். நானும் மனுசன்தானே!"

கோயில்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். "சீர்திருத்தம் கால்ல விழுந்திருச்சுடோய்!"

சங்கத்து ஆள் ஒருவன் இடுப்புப் பாராங்கில் கை வைத்தபடி வரிசையை விட்டு வந்தான்.

"அண்ணே, அவன் கெஞ்சினான்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க? இவன் வேற கதை சொல்றான். பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

அய்யாவு பெண்கள் வரிசையைப் பார்த்தான். வெள்ளையம்மா தலை நிமிரவில்லை. 

வீரமுத்து யாரையும் கும்பிடவில்லை, புருஷன் அனுப்பியதாகச் சொல்லி இவள்தான் அவன் காலில் விழுந்திருக்கிறாள் என்பது அய்யாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

எதிர்வரிசையிலும் சிரிப்பு நின்று, கைகள் இடுப்புக்குப் போயிருந்தன.

அய்யாவு சங்கத்து ஆள் பக்கம் திரும்பினான்.

"நேத்து நான் சொன்னதுதான்டா பொய். கால்ல விழச் சொல்லி அனுப்பினது நான்தான்."