லேசான நாள்

உடம்பு முழுக்க ஓயாமல் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிக்கு வேலையில் சலுகை வேண்டுமென்றால், வீட்டில் ஒருவர் அந்த வலியை ஒரு நிமிடம் பட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகத்தான் என் மனைவி செண்பகவல்லியோடு ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒன்பது வருடமாக அவளுடைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாமே நார்மல். "உடம்புல ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதான்" என்று டாக்டருக்கே எடுத்துச் சொன்னவன் நான்.

செண்பகத்தின் கைப்பட்டையில் தினமும் பதிவான வலியிலிருந்து ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து எனக்குள் அனுப்புவார்கள். நர்ஸ் என் கையிலும் ஒரு பட்டையை மாட்டினார்.

"லேசான நாளாப் பாத்துப் போடுங்க சிஸ்டர். அவரு தாங்க மாட்டாருங்க" என்றாள் செண்பகம்.

முப்பதாவது நொடியில் கத்திவிட்டேன். சட்டை உரசினால்கூடத் தோல் எரிந்தது. விரலை மடக்க முடியவில்லை. கழற்றச் சொல்லிக் கெஞ்சினேன். செண்பகம் என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

மூச்சு திரும்பியதும், "இது என்னைக்குப் பதிவானது?" என்று கேட்டேன்.

நர்ஸ் திரையைப் பார்த்தார். "பிப்ரவரி ரெண்டு."

"உங்க தம்பி வீட்டு கிரகப்பிரவேசம்ங்க" என்றாள் செண்பகம்.

அன்று மூன்று பந்திக்கும் குனிந்து குனிந்து அவள்தான் பரிமாறினாள். கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் நான் சொன்னேன்: "விசேஷ வீடுன்னா மட்டும் இவளுக்கு வலியே வராது, பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கையில் ரசவாளியோடு அவளும் சிரித்தாள்.